நாற்காலி ஜெபம்

நடமாட்டம் குறைந்த மூத்தவர்களுக்கென்று எங்கள் கோயிலில் முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். 1960-களில், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, நெல்லைச் சீமையின் கிராமத்துக் கோயிலில் இதை நினைத்தே பார்க்க முடியாது. எல்லாருக்கும் பாய்தான். பாவ அறிக்கை என்றால் எண்பது வயதுப் பாட்டியும் முழங்காலில் நிற்பாள். வீட்டிலும் அப்படித்தான். ராத்திரி குடும்ப ஜெபத்தில் தாத்தா அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துச் சங்கீதம் வாசிப்பார். பிறகு முழங்காலிட்டால், உறவுக்காரர் பேரும் ஊரில் சுகமில்லாதவர்கள் பேரும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கிறவரை எழும்ப மாட்டார். அவர் முழங்கால் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது.

அந்த முழங்கால்களை வணங்கலாம். ஆனால் அந்தக் காலத்தை அப்படியே போற்ற எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு இருந்ததே யாருக்கும் தெரியாது. ஒருநாள் விடியற்காலம் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. தினம் ஒரு மாத்திரை ஒருவேளை அவரைக் காப்பாற்றியிருக்கும். கண்புரை எடுத்த பாட்டி, தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்து நாள்கணக்கில் அசையாமல் கிடந்தாள். அதற்குப் பிறகும் சோடாபுட்டிக் கண்ணாடிதான். இன்றைக்குக் காலையில் போய் லென்ஸ் வைத்துக்கொண்டு சாயந்திரம் வீடு திரும்புகிறோம். இது ஆண்டவருடைய இரக்கம்.

மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது பிரசங்கித்தால் எனக்குக் கோபம் வரும். எசேக்கியா ராஜாவின் ஜெபத்துக்கு 15 வருஷம் ஆயுசு கூட்டிக் கிடைத்தது. அதே இடத்தில்தான் ஏசாயா, பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார். பவுலோடு இருந்த லூக்கா வைத்தியன். நெய்யூரில் 1838-லேயே மிஷன் வைத்தியம் தொடங்கியாயிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். ஜெபத்தையும் மருந்தையும் சேர்த்தே வாங்கி வளர்ந்த ஜனம் நாம்.

லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு. சர்க்கரை நோயுள்ள பெரியம்மா ஒருவர், திருவிருந்து எடுக்கும்வரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்ற பழைய வைராக்கியத்தில், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பிரசங்கத்தின் நடுவில் ரவிக்கை நனைய வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிற்று. “ஆவியில நிறைஞ்சிருக்காவ” என்றார் பக்கத்தில் இருந்தவர். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் ஓடிவந்து, “பெரியம்மா, முழுங்க முடியுதா? கொஞ்சம் கொஞ்சமா குடிங்க” என்று சீனித்தண்ணீர் கொடுத்தார். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. லெந்து நாட்களில் சோற்றைத்தான் விடவேண்டும் என்றில்லை. அண்ணன் தம்பிக்குள் வருஷக்கணக்காக இருக்கும் மனஸ்தாபத்தை விட்டாலும் போதும்.

எனக்கும் இப்போது செயற்கை மூட்டுதான். முழங்காலிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐயர் அப்பத்தையும் ரசத்தையும் என் நாற்காலிக்கே கொண்டுவந்து கொடுத்த முதல் ஞாயிறு, கண் கலங்கிற்று. நம்மால் போகமுடியாத இடத்திலிருந்து நம்மைத் தேடி வருகிறார்களே என்றிருந்தது.

கோயிலுக்கே வரமுடியாதவர்களை நினைத்தால்தான் மனசு பதறுகிறது. தாத்தா படுத்த படுக்கையான பிறகு வீட்டில் ஆள் ஓயவில்லை. உபதேசியார் வருவார். பக்கத்து வீட்டு மாமா சவரம் செய்துவிடுவார். படுக்கைப்புண் வராமல் புரட்டிப்போட ஆள் மாற்றி ஆள் நிற்பார்கள். வருகிறவர்கள், “தாத்தா, என் மக பிரசவத்துக்கு ஜெபம் பண்ணுங்க” என்பார்கள்; குழறின வாயாலேயே அவர் அந்தப் பேரைச் சொல்லி ஜெபிப்பார். அவருக்குக் கடைசிவரை வேலை இருந்தது.

2020-ல் கொரோனாவுக்காகக் கோயில் கதவுகளை அடைத்தபோது ஆராதனை யூடியூபுக்கு வந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். கதவு திறந்த பிறகோ, போன் இருக்கிறதே என்று வீட்டுச் சந்திப்பை விட்டுவிட்டோம். சமீபத்தில் மூத்த அண்ணாச்சி ஒருவரைப் பார்க்கப் போனேன். மகன் கனடாவில். கிழமைவாரியாக மாத்திரை போட்ட டப்பா, பி.பி. பார்க்கிற மெஷின், தண்ணீர்ப் புட்டியில் சாய்த்துவைத்த போனில் பாடல் ஆராதனை, எல்லாம் இருந்தது. போர்வையை விலக்கினால் கால் நகம் வளைந்து சதையைக் குத்திக்கொண்டிருந்தது. “குனிய முடியல, வெட்டிவிட ஆளில்ல” என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, துடைத்து, பார்த்துப் பார்த்து வெட்டிவிட்டேன். பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவுதலைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்!

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டவர். 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயேதான் இருந்தார். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்து நாம் பரிதாபப்பட மட்டும் பழகிவிட்டோம். அவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை.

இப்போது சனிக்கிழமை சாயந்திரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோடு நாங்கள் சில பேர் படுக்கையில் இருப்பவர்கள் வீடுகளுக்குப் போகிறோம். நர்ஸம்மா பி.பி. பார்த்து நோட்டில் எழுதுகிறார். பையில் நகவெட்டி, தேங்காயெண்ணெய், துண்டு. கிளம்பும்போது, பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் பேரும் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் பேரும் பெரிய எழுத்தில் எழுதின தாளை அவர்கள் கையில் கொடுத்து, “இவங்களுக்காக ஜெபிச்சுக்கிடுங்க, அடுத்த வாரம் வந்து சொல்றோம்” என்கிறோம். அண்ணாச்சி போன வாரமே கேட்டுவிட்டார், அந்தப் பிள்ளைக்குக் கணக்குப் பரீட்சை எப்படி இருந்தது என்று. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் கீழத்தெருவுக்கும் போய்வரலாம்.