கட்டைவிரல் வந்துவிட்டது

புதுச்சேரி வீராம்பட்டினம் கரையில் விடிந்ததும் ஏலம். போட் கரையேறிய உடனே கூடையைச் சுற்றிப் பெண்கள் கூடிவிடுவார்கள். மீன் வாங்கத் தெரிந்த எந்த அம்மாவும் நீளத்தை மட்டும் பார்த்துக் காசை நீட்டமாட்டார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், சிவந்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று. கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். வயிற்றில் விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். அரைக் கிலோ வஞ்சிரத்துக்கு இத்தனை சோதனை.

அதே கரையின் பதினெட்டு வயதுப் பையனை "திறன் மேம்பாடு" என்று வண்டி ஏற்றிக் கொண்டுபோகிறவர்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று. கட்டைவிரல். மிஷினில் ரேகை பதிகிறதா? பதிகிறது. அவ்வளவுதான், ஏலம் முடிந்தது.

திட்டத்தின் பெயர் தீன்தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனா. எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையாத பெயர். "தங்கிப் படிக்கிற டிரெயினிங்" என்போம். 2014 செப்டம்பர் 25 அன்று தொடங்கினார்கள். 15 முதல் 35 வயது வரையுள்ள கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு. தங்க இடம், சாப்பாடு, சீருடை, பாடம் எல்லாம் இலவசம். மூன்று மாதப் பயிற்சி என்றால் 576 மணி நேரம், ஆறு மாதம் என்றால் 1,152 மணி நேரம். நடத்துவது தனியார் நிறுவனம், காசு கொடுப்பது அரசாங்கம். படித்தவர்களில் 100க்கு 70 பேரையாவது வேலையில் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது. உள்ளூரில் இருந்த ஏ.எஃப்.டி. துணி மில்லையும் 2020 ஏப்ரல் 30 அன்று மூடியாகிவிட்டது. அந்த மில்லில் வேலை பழகிய பையன் சங்கு ஊதினால் சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டான். இப்போது வேலை பழக வேண்டுமானால் ஊரை விட்டு எங்கோ ஒரு விடுதியில் அடுக்குக் கட்டிலில் ஏற வேண்டும்.

இந்த ஊர்ப் பிள்ளைக்குத் திறன் இல்லை என்று யார் கண்டுபிடித்தது என்பதே எனக்கு முதல் ஆச்சரியம். பக்கத்து அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி மணி கோத்துக் கடல் கடந்து விற்ற மண் இது. இன்றைக்கும் வீசும் காற்று வாடையா கொண்டலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன், அறுந்த வலையை இருட்டில் விரலாலேயே முடிகிறவன், படிவத்தில் "திறனற்றவர்" பத்தியில் விழுகிறான். அவனுக்குக் கற்றுத்தரப் போவது, ஏசி கடை வாசலில் நின்று "வெல்கம் சார்" சொல்ல.

ஆள் சேர்க்க முகாம் போடுவார்கள். பந்தல், மைக், பேனர். எங்கள் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்குப் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது வழக்கம். வடத்தைத் தொடுவது கவர்னர், தேரை இழுப்பது ஊர். அதில் எங்களுக்கு வருத்தமில்லை, அம்மன் எங்களுடையவள். திட்டத்துக்கும் பெரிய மனிதர்கள் வடம் தொட்டுவிட்டுப் போகிறார்கள். இதை அதற்குப் பிறகு யார் இழுக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

முகாமில் "கவுன்சலிங்" என்று ஒரு மேஜை உண்டு. எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பரவாயில்லையே, பையனின் மனசையும் கேட்கிறார்களே என்று. கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அங்கே உட்காரவைத்துப் பேசுவது அப்பா அம்மாவிடம். "அனுப்புங்கம்மா, லைஃப் செட்டில் ஆயிடும்" என்று கையெழுத்து வாங்கும் வரை பேசுவதற்குப் பெயர் கவுன்சலிங். பையன் பக்கத்தில் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருப்பான். கையெழுத்து விழுந்ததும் கவுன்சலிங் நிறைவுற்றது. அதன் பிறகு அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் அழமாட்டான் என்பது திட்டத்தின் நம்பிக்கை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படித்தான் போனான். எந்த மையம் என்று சொல்லப்போவதில்லை. மூன்று வாரம் கழித்து வேறு யாரோ ஒருவன் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, "நைனா, வந்து கூட்டிட்டுப் போ" என்றான். போன் வெட்டுப்பட்டது. படிவங்களைப் படிக்கத் தெரிந்த ஆள் என்ற தகுதியில் நானும் கூடப் போனேன்.

நாற்பது கட்டில். தலைமாட்டில் எண். தலைக்கு மேல் கேமரா, மூலைக்கு ஒன்று. வாசலில் ரேகை மிஷின். சமையலறைக்குப் போகிற வழியில் தபால் ஆபீஸ் மாதிரி குட்டிக் குட்டி அறைகள் வைத்த மரப்பெட்டி. ஒவ்வொரு அறையிலும் ஒரு போன், மொத்தத்துக்கும் ஒரு பூட்டு. காலையில் பூட்டினால் ராத்திரி அரை மணி நேரம் திறப்பார்களாம். அந்தப் பெட்டிக்கு நேர் மேலே, பளபளவென்று, டெலி மானஸ் போஸ்டர்: மனம் சோர்ந்தால் 14416க்கு எந்நேரமும் அழையுங்கள். இருபத்து நாலு மணி நேரச் சேவை அது, 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது, தமிழிலும் பேசலாம், உண்மையிலேயே நல்ல காரியம். நான் போஸ்டரையும் பார்த்தேன், பூட்டையும் பார்த்தேன். ஒட்டியவரும் பூட்டியவரும் ஒரே ஆளாம். அவர்தான் வார்டன், அவர்தான் ஸ்டோர் கீப்பர், பதிவேட்டில் அவர்தான் "மாணவர் ஆலோசகர்". பருப்பு மூட்டையையும் பிள்ளைகளின் துக்கத்தையும் ஒரே சாவியில் வைத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் ஹோம்சிக். ஆனா ஒழுக்கம் பத்தாது. ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு நடக்கிறான்."

மூன்று மணிக்கு எழுந்திருப்பது எங்கள் ஊரில் ஒழுக்கம். அந்த நேரத்தில்தான் போட் தள்ளுவார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த நேரத்துக்கு விழித்துப் பழகிய உடம்பு, இருட்டில் எழுந்து, தள்ளப் போட் இல்லாமல், கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்திருக்கிறது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மனநலத்தில் எம்.டி. வேண்டாம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆள், "ஏன்டா தம்பி தூக்கம் வரல?" என்று கேட்டிருந்தால் போதும்.

பையன் கட்டில் ஓரத்தில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே மத்தியானத் தட்டு அப்படியே. சோறு காய்ந்து, சாம்பார் ஆடை கட்டி, அதில் விரலால் கோடு கிழித்து வைத்திருந்தான். நகமெல்லாம் சதை வரை கடித்திருந்தது. அப்பா எது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"இங்க காத்து வரல நைனா."

கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தோம். விலகும் காரணம் என்ற பத்தியில் வார்டனே எழுதிக்கொண்டார்: சொந்தக் காரணம். அடுத்த வாரம் அப்பா போட்டை நிறுத்திவிட்டு அவனை ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். வீராம்பட்டினத்திலிருந்து பஸ் மாறிப் போகிற தூரம்தான். பிள்ளை தேறி வருகிறான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கணக்கு என்றால்தான் அதிகாரிகளுக்குக் காது கேட்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 புள்ளிவிவரப்படி இந்தியாவில் லட்சம் பேருக்குத் தற்கொலைகள் 12.4. புதுச்சேரியில் 29.7. சிக்கிம், அந்தமானுக்கு அடுத்து நாம்தான். மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லாத சின்ன ஊர், நாட்டில் மூன்றாவது இடம்! இதற்கு யாரும் பேனர் வைக்கவில்லை. நாடு முழுக்கச் சேர்த்தால் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்கிறார்கள். முக்கால் டாக்டர். அந்த முக்காலில் இந்த விடுதிகளின் பங்குக்கு ஸ்டெதஸ்கோப்பின் ஒரு காதாவது வருமா என்று தெரியவில்லை.

அரசாங்கத்துக்கு எங்கள் பையன்கள்மேல் அக்கறையே இல்லை என்று சொன்னால் பாவம். 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலைத் தகராறில் எங்கள் ஊருக்கும் நல்லவாட்டுக்கும் மோதல் வந்தபோது எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தார்கள்! வானத்தை நோக்கிச் சுட்டார்கள், தடை உத்தரவு போட்டார்கள். பையன் கோபப்பட்டால் துப்பாக்கியோடு வருகிறார்கள். அழுதால் போஸ்டர் அனுப்புகிறார்கள்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா. விசாகப்பட்டினத்தில் நீட் படிக்கப் போய் இறந்த ஒரு மாணவியின் வழக்கு. பதினைந்து கட்டளைகள். பள்ளி, கல்லூரி மட்டுமில்லை, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று தெளிவாகவே இருக்கிறது. நூறு மாணவர் அல்லது அதற்கு மேல் இருந்தால், தகுதியுள்ள ஒரு மன ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ கட்டாயம். அதற்குக் குறைவென்றால் வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு இருக்க வேண்டும். வேலை பார்ப்பவர்கள் அனைவருக்கும் வருஷத்தில் இரண்டு முறையாவது பயிற்சி. உதவி எண்கள் பெரிய எழுத்தில் கண்ணில் படும்படி. இவற்றோடு, விடுதிகளில் ஆபத்துக்கு இடம் கொடுக்காத மின்விசிறி.

இதில் எது முதலில் நடக்கும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். மின்விசிறி. ராஜஸ்தான் கோட்டாவில் 2023இலேயே விடுதிகளில் ஸ்பிரிங் வைத்த ஃபேன் மாட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ஃபேன் வாங்கலாம், டெண்டர் விடலாம், எண்ணலாம், போட்டோ எடுக்கலாம். ஆலோசகருக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்க வேண்டும், அவர் என்ன வேலை செய்தார் என்று போட்டோ எடுக்கவும் முடியாது. ஃபேனுக்கு ஜி.எஸ்.டி. பில் உண்டு. ஒரு பையன் ஒரு மணி நேரம் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "சரி சார், சாப்பிடுறேன்" என்றதற்குப் பில் ஏது? ஃபேன் ஓர் உயிரைக் காப்பாற்றுமானால் மாட்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபேனை மாட்டிவிட்டு மற்ற கட்டளைகளை மறந்துவிடுவார்களே என்றுதான் வயிறு எரிகிறது. அந்த நூறு என்ற கணக்கும் போகப் போக வேலை செய்யும் பாருங்கள். இனி நாடெங்கும் சொல்லிவைத்த மாதிரி தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் கொண்ட மையங்களாகவே முளைக்கும்.

வெளிநாட்டைப் பார் என்பார்கள். பார்த்தேன். அமெரிக்காவில் இதே மாதிரி, 16 முதல் 24 வயதுள்ள ஏழைப் பிள்ளைகளைத் தங்கவைத்துத் தொழில் பழக்கும் ஜாப் கார்ப்ஸ் 1964 முதல் நடக்கிறது. மையத்துக்கு மையம் மனநல ஆலோசகரை அமர்த்த வேண்டும் என்பது அங்கே விதி. 2025 மே மாதம் அந்த அரசாங்கம், ஒப்பந்தக்காரர்கள் நடத்தும் 99 மையங்களையும் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. கோர்ட் குறுக்கே வந்து தடுக்க வேண்டியிருந்தது. ஆக, அவர்கள் ஆலோசகரை வைத்துக்கொண்டு மையத்தைப் பூட்டப் பார்த்தார்கள். நாம் மையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பூட்டுகிறோம்.

என்ன வேண்டும் என்று கேட்டால் நான் சொல்வது சின்னப் பட்டியல்தான். பிள்ளையின் மொழி பேசுகிற, பருப்பு மூட்டைக்குப் பொறுப்பில்லாத ஒரு ஆலோசகர். சேர்ந்த முதல் இரண்டு வாரம் தினமும் வீட்டோடு பேசப் போன். டாக்டரிடம் போய்வர பஸ் காசும், போனதற்காகப் பெயர் அடிபடாது என்ற வாக்குறுதியும். முடியவில்லை என்று திரும்புகிறவனை ஒழுங்கீனன் என்று எழுதாத கை. இதற்கு உலக வங்கிக் கடன் வேண்டாம்.

இதே திறன் பயிற்சிக்கு வேறு ஒரு திட்டமும் உண்டு, பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா. அதைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி. அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பயனாளிகளில் 94 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களின் வங்கிக் கணக்குப் பத்தியில் பூச்சியம், "பொருந்தாது", இல்லாவிட்டால் வெற்றிடம். சேர்ந்தவனுக்குக் கணக்கு எண் இருக்கிறதா என்றே பார்க்காத இடத்தில் அவனுக்கு மனசு இருக்கிறதா என்று போய்க் கேட்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அந்த அறிக்கைச் செய்தியைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் பையனின் அப்பாவுக்கு போன் வந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் செதில். ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"வாழ்த்துகள்ங்க. உங்க பையன் கோர்ஸ் பாஸ் பண்ணிட்டார். சர்டிபிகேட் ரெடி."

"அவன் மூணு வாரத்துல வந்துட்டானேங்க."

"அதெல்லாம் சிஸ்டத்துல கம்ப்ளீட்னு காட்டுது. இப்ப என்ன பண்றார்?"

"என்கூடக் கடலுக்கு வர்றான்."

"ரொம்ப நல்லதுங்க. பிளேஸ்மென்ட்ல போட்டுக்கறோம். மூணு மாசச் சம்பளச் சீட்டு மட்டும் அனுப்பிடுங்க."

"கடல்ல சீட்டு தரமாட்டாங்க தம்பி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி, பரவால்ல. அந்த யூனிபார்ம் டீ ஷர்ட்டைப் போட்டு வேலை பார்க்கிற மாதிரி ஒரு போட்டோவாச்சும்."

அவர் போட்டைத் திரும்பிப் பார்த்தார். நீலச் சட்டை எஞ்சின்மேல் கிடந்தது. காலையில் டீசல் துடைத்தது, ஈரம் காயவில்லை.