சமாதானமா? சொல்லி அனுப்புறோம்!

(வாஷிங்டன். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் அலுவலக வாசல். நாற்காலிகளில் இருவர். ஒருவர், ஓஹையோவிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்; மடியில் கையெழுத்துத் தாள்கள் பிதுங்கும் ஃபைல். இன்னொருவர், ஆயுதக் கம்பெனிகளின் தரகர், கையில் ஒன்றுமில்லை. கொண்டுவந்ததெல்லாம் முன்னாடியே உள்ளே போயாகிவிட்டது.)

தரகர்: வணக்கம்மா. என்ன விஷயமா வந்திருக்கீங்க?

டீச்சர்: அமைதித் துறைன்னு தனியா ஒரு இலாகா வேணும் தம்பி. மந்திரி, அதிகாரி, பட்ஜெட் எல்லாத்தோடவும். அதுக்கு எங்க தொகுதி மெம்பரோட ஆதரவைக் கேட்க வந்தேன்.

தரகர்: புதுசா இருக்கே!

டீச்சர்: புதுசா? 1793-லயே கேட்டாச்சு. சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்ட டாக்டர் பெஞ்சமின் ரஷ், போர் அலுவலகம்னு ஒண்ணு இருந்தா அமைதி அலுவலகம்னும் ஒண்ணு இருக்கணும்னு எழுதினார். வானியல் அறிஞர் பெஞ்சமின் பேனகரோட பஞ்சாங்கத்துல அச்சாச்சு.

தரகர்: பஞ்சாங்கத்துலயா? அப்படியும் இன்னும் நல்ல நேரம் பொறக்கலையே!

டீச்சர்: ஊருக்கு ஊர் இலவசப் பள்ளிக்கூடம் திறக்கச் சொன்னார். அணிவகுப்பும் பளபளப்பான பட்டாள உடுப்பும் வேண்டாம், அதைப் பார்த்துத்தான் ஜனங்க மயங்குறாங்கன்னார். போர் அலுவலக வாசல்ல, இங்கே விதவைகளும் அநாதைகளும் உருவாக்கப்படுறாங்கங்கிற மாதிரி பலகை மாட்டணும்னார்.

தரகர்: பலகையை நாங்களே மாத்திட்டோமே! 1949-லேர்ந்து ‘பாதுகாப்புத் துறை’ன்னு அடக்கமா இருந்தோம். 2025 செப்டம்பர்ல அதிபர் உத்தரவு போட்டார், இனிமே ‘போர்த் துறை’ன்னும் கூப்பிடலாம்னு. சட்டத்துல பேர் மாறல, காங்கிரஸ்தான் மாத்தணும். பலகை மட்டும் முந்திக்கிச்சு.

டீச்சர்: அதை நான் குறையே சொல்ல மாட்டேன். முக்கால் நூற்றாண்டுல அந்தக் கட்டடம் பேசின முதல் உண்மை.

தரகர்: உங்களுக்குந்தான் அமைதி நிறுவனம்னு ஒண்ணு கொடுத்தாச்சே அம்மா. லிங்கன் நினைவகத்துக்குப் பக்கத்துல அருமையான இடம். கூரையே புறா இறக்கை விரிச்ச தினுசுல கட்டியிருக்கு. இன்னும் என்ன வேணும்?

டீச்சர்: சும்மா கொடுக்கல. வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில சண்டை சொல்லிக்கொடுக்கிறீங்களே, சமாதானம் சொல்லிக்கொடுக்கவும் ஒரு அகாடமி வேணும்னு எழுபதுகள்ல ஜனங்க இயக்கம் நடத்தினாங்க. அகாடமி கேட்டோம், ஆராய்ச்சி நிறுவனம் கிடைச்சுது. 1984-ல ரீகன் கையெழுத்துப் போட்டார். சமீப காலத்துல அதுக்குக் கிடைச்சது வருஷத்துக்குச் சுமார் அஞ்சரைக் கோடி டாலர்.

தரகர்: அஞ்சரைக் கோடியா! மக்களோட வரிப்பணமாச்சே!

டீச்சர்: 2024-க்கு ராணுவச் செலவுன்னு அனுமதிச்சது 88,600 கோடி டாலர். நான் முப்பது பசங்களை வச்சு வகுத்தல் கணக்குப் போட வச்சவ தம்பி. எங்க ஒரு வருஷத்துப் பணம் உங்களுக்கு அரை மணி நேரச் செலவு.

தரகர்: அந்த அரை மணி நேரம் நாட்டுக்குக் காவல் இல்லாமப் போனா?

டீச்சர்: அந்த அரை மணி நேரப் பணத்தையும் விட்டு வைக்கல. 2025 மார்ச்ல சிக்கனம்னு சொல்லிக்கிட்டு அரசாங்க ஆளுங்க அந்த நிறுவனத்துக்குள்ள போலீஸ் துணையோட நுழைஞ்சாங்க. ஊழியர்களை வேலையை விட்டு நிறுத்தினாங்க. மே மாசம் கோர்ட்டு, இதெல்லாம் சட்டவிரோதம்னுச்சு. ஜூன்ல மேல்கோர்ட்டு அந்தத் தீர்ப்பை நிறுத்தி வச்சுது. டிசம்பர்ல பார்த்தா, கட்டடத்து மேல அதிபரோட பேர்.

தரகர்: அப்ப அமைதிக்கு நல்ல பேர் கிடைச்சிருக்குன்னு சொல்லுங்க!

டீச்சர்: பேர்தான் கிடைச்சுது. 2023-ல வெள்ளை மாளிகையில துப்பாக்கி வன்முறைத் தடுப்பு அலுவலகம் திறந்தாங்க. 2025 ஜனவரியில ஆட்சி மாறுச்சு, அலுவலகமும் காணாமப் போச்சு. உத்தரவுல பொறந்தது உத்தரவு இல்லாமயே போயிடும். சட்டத்துல பொறந்தா கோர்ட்டு வாசலையாவது மிதிக்கலாம். அதான் முழு இலாகா கேட்கிறோம்.

தரகர்: சரி, ஒரு நியாயமான கேள்வி கேட்கிறேன். இலாகா வச்சா சண்டை நின்னுடுமா? கோஸ்டா ரிக்காவை எல்லாரும் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறீங்க.

டீச்சர்: ஆடாம? 1948-ல ராணுவத்தையே கலைச்ச நாடு. அப்ப ஆட்சித் தலைவரா இருந்த ஃபிகேரஸ் சுத்தியலை எடுத்துப் பட்டாளத்துக் கோட்டைச் சுவத்துல அடிச்சார். அந்தக் கோட்டை இன்னைக்கு அருங்காட்சியகம். 2009-ல நீதித் துறையையே ‘நீதி, அமைதித் துறை’ன்னு ஆக்கினாங்க.

தரகர்: 2023-ல அதே நாட்டுல 900-க்கு மேல கொலை. அவங்க சரித்திரத்துலயே அதுவரைக்கும் இல்லாத எண்ணிக்கை. போதைக் கடத்தல்காரன் வந்தா உங்க அமைதி மந்திரி என்னம்மா பண்ணுவார், பாட்டுப் பாடுவாரா?

டீச்சர்: குத்தின இடம் சரிதான். பேர் வச்சா மட்டும் போதாது, ஒத்துக்கிறேன். ஆனா உங்க இலாகா இருபது வருஷம் ஆப்கானிஸ்தான்ல இருந்துட்டு, தாலிபான்கிட்டயிருந்து பிடுங்கின நாட்டைத் தாலிபான்கிட்டயே விட்டுட்டு வந்துச்சே. இழுத்து மூடிடலாம்னு யாராவது வாயைத் திறந்தாங்களா?

தரகர்: அது வேற கணக்கு. நாங்க தோத்தா, பணம் பத்தலைன்னு அர்த்தம்.

டீச்சர்: ஜெயிச்சா?

தரகர்: கொடுத்த பணம் வீண்போகலைன்னு அர்த்தம். மேற்கொண்டு கொடுக்கலாம்.

டீச்சர்: நல்லது. வேலை நடந்த இடம் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ. கத்திக்குத்துக்குப் பேர் போன ஊர். 2005-ல போலீஸ்காரங்களே வன்முறைக் குறைப்புப் பிரிவுன்னு தொடங்கினாங்க. வன்முறையைத் தொத்துநோய் கணக்கா நினைச்சு, எங்கேர்ந்து கிளம்புது, எங்க தடுக்கலாம்னு பார்த்தாங்க. கோஷ்டிப் பசங்களைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாங்க.

தரகர்: தண்டனை கொடுக்கத்தானே?

டீச்சர்: இல்ல, உட்கார வச்சுக் கேட்க வைக்க. கிழிஞ்ச முகத்தைத் தைக்கிற டாக்டர் எழுந்து பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எழுந்து பேசினா. கத்தியைக் கீழே போட்டா படிப்புக்கும் வேலைக்கும் வழி உண்டுன்னு சொன்னாங்க, போடலைன்னா விடமாட்டோம்னும் சொன்னாங்க. பல் டாக்டர், முடி திருத்துறவங்க, மாட்டு டாக்டர் வரைக்கும் பயிற்சி கொடுத்தாங்க. வீங்கின தாடையோட ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்தா, வீட்டுல என்ன நடக்குதுன்னு பதமாக் கேட்கணும், உதவி கிடைக்கிற இடத்தைச் சொல்லணும். 2004-05-ல ஸ்காட்லாந்துல 137 கொலை. 2017-18-ல 59.

தரகர்: எல்லாம் சரி. ஆனா இதுல எங்க மெம்பர் ரிப்பன் வெட்ட என்ன இருக்கு? நடக்காத கொலை பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்க முடியுமா?

டீச்சர்: அதுக்குத்தான் ஊர் ஊரா ஆள் சேர்க்கிறோம். லைப்ரரி வாசல்ல மேஜை போடுறோம். தொகுதிக்கு ஒரு குழு வச்சிருக்கோம். நகர மன்றங்கள்ல தீர்மானம் போட வச்சிருக்கோம். எங்க கிளீவ்லேண்ட்காரர், காங்கிரஸ் மெம்பர் டெனிஸ் குசினிச் 2001 ஜூலையில மசோதா கொண்டுவந்தார். வீட்டுல அடிதடி, பள்ளிக்கூடத்துல சண்டை, தெருவுல கோஷ்டி, வெளிநாட்டுல போர், எல்லாத்தையும் முன்கூட்டியே தடுக்கிறதுக்கு ஒரு மந்திரி. ரெண்டே மாசத்துல நியூயார்க்ல கோபுரங்கள் விழுந்துச்சு.

தரகர்: நேரம் சரியில்லை. பஞ்சாங்கக் கோளாறு.

டீச்சர்: அப்புறமும் விடல. சபை மாறும்போதெல்லாம் மறுபடி கொண்டுவந்தார். 435 பேர்ல எழுபது பேர் அளவுக்குக்கூட ஆதரவு சேர்ந்துச்சு. 2013-லேர்ந்து இன்னொரு மெம்பர் பார்பரா லீ கையில எடுத்தாங்க. ஒரு தடவைகூட சபையில ஓட்டெடுப்புக்கு வரல.

தரகர்: எப்படி வரும்? அமைதி வேண்டாம்னு கை தூக்கினா அசிங்கம். வேணும்னு தூக்கினா செலவு. கமிட்டிக்கு அனுப்பிட்டா ரெண்டும் இல்லை. சொல்லி அனுப்புறோம்னு சொல்லிட்டா, சொல்லவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம்.

டீச்சர்: மக்கள் கேட்டுமா?

தரகர்: அம்மா, நீங்க நல்லவங்க, அதனால தொழில் ரகசியத்தைச் சொல்றேன். அடிமட்ட இயக்கம்னு நீங்க சொல்லிக்கிறீங்க, நாங்க நடத்துறோம். எஃப்-35 விமானத்தோட பாகங்களை 45-க்கு மேற்பட்ட மாநிலங்கள்ல செய்யறாங்க. ஒரு ஊர்ல வால், இன்னொரு ஊர்ல வயர். விமானத்தைக் குறைக்கணும்னு ஒரு மெம்பர் எழுந்தா, அவர் ஊர்லயே ஒரு பட்டறை வாசல்ல கூட்டம் கூடிடும். நீங்க மனுவுல கையெழுத்து வாங்குறீங்க. நாங்க சம்பளப் பதிவேட்டுல வாங்குறோம்.

டீச்சர்: அந்தச் சம்பளக் கணக்காவது நேரா இருக்கா? 2018-லேர்ந்து வருஷா வருஷம் பென்டகன் தணிக்கையில ஃபெயில்னு பேப்பர்ல படிக்கிறேன். எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தன் இத்தனை வருஷம் ஃபெயிலானா, அப்பாவைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுவோம்.

தரகர்: இங்கே அப்பாதான் ஃபெயில் ஆனவர். வேற பேச்சு பேசலாமே.

டீச்சர்: பேசலாம். எங்க அமைதி நிறுவனம் 1984-ல எந்தச் சட்டத்துல பொறந்துச்சுன்னு தெரியுமா?

தரகர்: ஏதாவது தருமச் சட்டமா இருக்கும்.

டீச்சர்: உங்க பாதுகாப்புச் செலவு அனுமதிச் சட்டத்துல. பீரங்கி, கப்பலுக்கெல்லாம் பணம் ஒதுக்கின அதே சட்டத்துல ஒரு மூலையில எங்களைச் சேர்த்துட்டாங்க. தனியா வந்திருந்தா கமிட்டியோட போயிருக்கும்.

தரகர்: (நிமிர்ந்து உட்கார்ந்து) எங்க மசோதாவுலயா?

டீச்சர்: இந்த வருஷ மசோதா எத்தனை பக்கம் வரும்?

தரகர்: ஆயிரத்தைத் தாண்டும்.

டீச்சர்: மெம்பருங்க முழுசாப் படிப்பாங்களா?

தரகர்: படிச்சா ஓட்டுப் போட மனசு வருமா?

டீச்சர்: அப்ப அதுல ஒரு அத்தியாயம் எங்களோடதா இருந்தா யாருக்குத் தெரியப்போகுது? இன்னைக்கு மெம்பர்கிட்ட கேட்கப்போறது அதைத்தான். இந்தக் கையெழுத்தெல்லாம், உள்ளே விடறதுக்கு.

தரகர்: (பதறி) ஐயோ, வேண்டாம்மா! தேசப் பாதுகாப்புக்கே ஆபத்து!

டீச்சர்: என்ன தம்பி, ஒரே ஒரு அத்தியாயம் அமைதி வந்தா தேசம் கவிழ்ந்துடுமா?

தரகர்: அமைதியால இல்லம்மா. அந்த ஒரு அத்தியாயத்தைத் தேடுறேன்னு யாராவது மிச்சத்தையும் படிச்சுத் தொலைச்சா?