தெருமுனைக் கடைக்கு வண்டி எடுத்தல்: இரண்டு எட்டுகளுக்கு இடைப்பட்ட நகர வாழ்வு பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பெருநகரச் சென்னையில் இரு கால்களும் நலமாக உள்ள ஒருவர், அரை லிட்டர் தயிர் வாங்குவதற்காக அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்கு ஸ்கூட்டரில் செல்வது ஏன்? தமிழாய்வுலகம் இதுகாறும் தீண்டாத வினா இது. சங்ககாலத் தேரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நிற்கும் ஸ்கூட்டரையும், அதன் முன்கொக்கியில் தொங்கும் மஞ்சப்பையையும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அந்த மஞ்சப்பை முக்கியமான சான்று. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபின், சூழல் அக்கறையுள்ள குடும்பங்கள் பிளாஸ்டிக் பையைக் கைவிட்டுத் துணிப்பைக்குத் திரும்பியுள்ளன. பூமி காக்கப்படுகிறது. காக்கப்படும் பூமியின் மேல் அந்தப் பையைத் தூக்கிச் செல்வது மட்டும் பெட்ரோல். இம்முரணை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களமும் முறையும்

களம், மேற்கு மாம்பலத்தின் ஒரு தெரு. முறை, பால்கனியிலிருந்து உற்றுநோக்கல். திண்ணைகள் இருந்த காலத்தில் இந்த ஆய்வு இன்னும் செம்மையாக நடந்திருக்கும். தொடக்கத்தில் போகிற வருகிற வண்டிகளை எண்ணுவதாகத்தான் திட்டம். எதிர்வீட்டார் அண்ணாந்து பார்த்து “யாரைத் தேடறீங்க சார்?” என்று கேட்கத் தொடங்கியதால், எண்ணிக்கையை விடுத்துப் பண்புசார் முறைக்கு மாறினோம்.

முதியோர், மூட்டுவலி உடையோர், கைக்குழந்தையுடன் செல்வோர், 25 கிலோ அரிசிச் சிப்பம் சுமப்போர் ஆகியோர் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். கறிவேப்பிலை சுமப்போர் எல்லைக்குள் வருகின்றனர்.

3. வண்டி எடுப்போர் வகைப்பாடு

*மறதியர்:* கடைக்குப் போய், எதற்காகப் போனாரோ அதைத் தவிர மற்றெல்லாம் வாங்கி வருபவர். வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதால் எஞ்சின் அணைவதில்லை.

*அப்படியேயர்:* “அப்படியே ஏடிஎம் போயிட்டு, அப்படியே மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டு, அப்படியே கடைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்று மூன்று வேலைகளை முன்னிட்டு வண்டி எடுப்பவர். கடையோடு திரும்பிவிடுவார். மற்ற இரண்டு வேலைகளும் மறுநாள் வண்டி எடுப்பதற்கான காரணங்களாகச் சேமிக்கப்படும்.

*பருவத்தார்:* பகலில் வெயில், இரவில் நாய், இடைப்பட்ட அந்தியில் கொசு என்பவர். மார்கழி விடியற்காலையில் இம்மூன்றும் இல்லை; அப்போது கடை இல்லை.

*மதிப்பினர்:* நடந்து போனால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று அஞ்சுபவர். இவர் அச்சம் ஆதாரமற்றதன்று. எங்கள் தெருவில் ஒருவர் கையில் பையோடு நடந்தால், எதிர்ப்படுபவரின் முதல் கேள்வி, “என்ன சார், வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கீங்களா?” இல்லை, சும்மாதான் நடக்கிறேன் என்று விடை சொன்னால் கேட்டவர் முகத்தில் பரிவு படர்கிறது. அடுத்து, “ஏறுங்க சார், விட்டுடறேன்.” மறுத்தால் மனவருத்தம். ஆகவே நடக்க உறுதிபூண்டவரும் பின்னிருக்கையில் அமர்ந்தே கடை சேர்கிறார். விருந்தோம்பல் என்னும் தமிழ்ப் பண்பு கரியமில வாயுவுக்குத் துணைபோகும் இடம் இது.

4. காலக் கணக்கு

மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அரைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். சந்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்லும் வண்டிக்கு ஒன்றரை நிமிடம். மிச்சம் நாலரை நிமிடம். வண்டிக் கட்சியின் வாதம் முழுவதும் இந்த நாலரை நிமிடத்தின் மேல் எழுப்பப்பட்டது.

ஆயின் அவர்கள் கணக்கு வண்டி நகரத் தொடங்கியபின்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பகுதியைச் ‘சாவிக்காலம்’ என்று பெயரிடுகிறோம். சாவி ஆணியில் இல்லை என்று கண்டறிதல், நேற்றுப் போட்ட சட்டையில் தேடுதல், “நீதான் எடுத்தே” என்று வீட்டில் ஒருவரைக் குற்றஞ்சாட்டல், கீழே இறங்கி, குறுக்கே நிற்கும் இரண்டாம் மாடிக்காரரின் வண்டியை இழுத்து நகர்த்தல், சீட்டைத் துடைத்தல், கேட்டைத் திறந்து, வண்டியை வெளியே எடுத்து, இறங்கி, கேட்டைச் சாத்தி, மீண்டும் ஏறுதல். கடைக்கு எதிரே நிறுத்த இடம் தேடல் தனி. நாலரை நிமிடமும் இங்கேயே செலவாகிவிடுகிறது. நடப்பவர் இந்நேரம் தயிரோடு திரும்பிக்கொண்டிருப்பார்.

இங்கே தலைக்கவசம் பற்றி ஒரு குறிப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இருசக்கர வண்டியில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. தயிருக்குப் போவோருக்கு அதில் விலக்கில்லை. எனினும், “தெருமுனைக்குத்தானே” என்று அது வீட்டிலேயே விடப்படுகிறது. ஆகவே இக்கடை, நடந்து போக முடியாத அளவு தொலைவிலும், தலைக்கவசம் தேவைப்படாத அளவு அருகிலும் ஒரே நேரத்தில் அமைந்துள்ளது. நில அளவைத் துறை இதனை ஆராய வேண்டும்.

5. கரிக் கணக்கு

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி, போய் வர ஒரு கிலோமீட்டருக்கு 20 மில்லி பெட்ரோல் குடிக்கும். சென்னை விலையில் சுமார் 2 ரூபாய். கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலைக்கு வீட்டிலிருந்து 2 ரூபாய் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று பொருள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். 20 மில்லிக்கு 46 கிராம். 20 மில்லி பெட்ரோலின் எடையே 15 கிராம்தானே, 46 எங்கிருந்து வந்தது என்று வினவலாம். பெட்ரோலில் உள்ள கரி, எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்கிறது; எடை மும்மடங்காகிறது. ஆக, 50 கிராம் பச்சை மிளகாய் வாங்கப் போனவர் ஏறத்தாழ அதே எடைக்குக் கரியமில வாயுவைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு வருகிறார். மிளகாய் அன்றைய சட்டினியோடு தீர்ந்துவிடும். கரியமில வாயு தலைமுறை தலைமுறையாக வானில் இருக்கும்.

இக்கணக்கும் வண்டிக்குச் சலுகை காட்டியதே. குளிர்ந்த எஞ்சின் கூடுதலாக எண்ணெய் குடிக்கும். மேலும், 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்-6 வண்டிகளின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மட்டுப்படுத்தும் வினையூக்கி உண்டு. அது 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். தெருமுனைப் பயணமோ அது சூடேறுவதற்குள் முடிந்துவிடுகிறது. மாப்பிள்ளை மண்டபத்துக்குள் போனபின் வந்து சேரும் நாதஸ்வரக் கோஷ்டி மாதிரி, வினையூக்கி விழித்தெழும்போது வண்டி கடை வாசலில் நிற்கிறது. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வைத்துப் பார்த்தால், நகரத்தின் மிக அழுக்கான பயணம் தாம்பரம் போவதன்று, தயிருக்குப் போவது.

6. இரு எட்டுக் கோட்பாடு

தமிழ்நாட்டில் இருசக்கர வண்டி ஓட்டும் உரிமம் பெற விரும்புவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் திடலில் எட்டுப் போட வேண்டும். முக்கிய நிபந்தனை, காலைத் தரையில் ஊன்றக் கூடாது. காலை ஊன்றாமல் ஒரு குடிமகனால் இயங்க முடியும் என்று அரசு உறுதிசெய்துகொண்டு அட்டை வழங்குகிறது. குடிமகனும் அந்நிபந்தனையை ஆயுட்கால விரதமாக ஏற்றுக்கொள்கிறான். அதன்பின் பால், பலசரக்கு, கோயில், சலூன் எங்கும் அவன் கால் தரையில் படுவதில்லை.

நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. மருத்துவர் நடக்கச் சொல்கிறார். மொட்டை மாடியில் சுண்ணாம்பால் ஒரு வடிவம் வரையப்படுகிறது. அதுவும் எட்டு. இளமையில் காலை ஊன்றாமல் போட்ட எட்டை, நடுவயதில் காலை ஊன்றி ஊன்றிப் போட்டு ஈடுகட்டுகிறான். நகரவாசியின் வாழ்வு இவ்விரு எட்டுகளுக்கு இடைப்பட்டது என்பதே நம் கோட்பாடு. மாநில அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப் பாதை அமைத்ததைக் கண்டபோது, கோட்பாடு மெய்ப்பட்டதாகவே கருதினோம்.

மாடியில் எட்டுப் போட இடமில்லாதவர் பூங்காவுக்குப் போகிறார். எப்படிப் போகிறார் என்பதுதான் இவ்வியலின் உச்சம். தியாகராய நகர் நடேசன் பூங்காவானாலும், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவானாலும், காலை ஆறு மணிக்கு வாசலில் வரிசையாக நிற்பவை நடக்க வந்தவர்களின் வண்டிகள். நடப்பதற்காக வண்டியில் வருகின்றனர். நடந்து முடித்து, அருகம்புல் சாறு குடித்து, வண்டியில் திரும்பும் வழியில் தயிரும் வாங்கிச் செல்கின்றனர். நான்காம் இயலில் வண்டிக் கட்சி மிச்சம் என்று சொன்ன நாலரை நிமிடம் என்ன ஆயிற்று என்ற வினாவுக்கு இது இன்னொரு விடை.

7. எதிர்ச்சான்றுகள்

தமிழருக்கு நடக்க வராது என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? இல்லை. மாம்பலம் ரயில் நிலையத்தின் அந்தப் பக்கத்தில் ரங்கநாதன் தெரு இருக்கிறது. தெருமுனைக் கடைக்கு வண்டி கேட்கும் அதே குடும்பம், தீபாவளிக்கு முன் அங்கே இரு கைகளிலும் பைகளோடு மணிக்கணக்கில் நடக்கிறது. நடக்கிறோம் என்ற நினைவே இல்லாமல். அக்குடும்பத்தின் தலைவர் பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார், செருப்பில்லாமல். நகரத்தார் சமூகத்தினர் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கின்றனர். ஆகஸ்டு மாத இறுதியில் காவி உடுத்து வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாரும் காணலாம்.

எனவே குறை காலில் இல்லை. ரங்கநாதன் தெருவுக்குள் வண்டி நுழைய முடியாது. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதை நடப்போருக்கே விடப்படுகிறது. பார்க்கப் பராக்கும், பேசத் துணையும், பின்னாலிருந்து ஹாரன் அடிக்க ஆளில்லாத வழியும் அமைந்தால், தமிழர் நடந்துகொண்டே இருப்பர். தெருமுனைக் கடைக்கான வழியில் முதலிரண்டும் உண்டு. மூன்றாவது இல்லை.

8. நடைபாதையியல்

நடைபாதையில் நடக்க ஏதுவாகக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறி. எங்கள் கள ஆய்வின்படி அந்த 1.8 மீட்டரில் மின்வாரியப் பெட்டி, இஸ்திரி வண்டி, இளநீர்க் குவியல், வீட்டு வாசல்களின் சாய்தளங்கள், உறை போர்த்திய ஒரு கார் ஆகியன முறையே குடியிருக்கின்றன. பாதசாரி வந்துபோகும் விருந்தாளி. இஸ்திரிக்காரரையும் இளநீர்க்காரரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. தெருவில் பராக்கும் பேச்சும் அவர்களால்தான் இருக்கின்றன. அந்தக் கார் யாருடன் பேசுகிறது?

ஏட்டளவில் சென்னைக்குக் குறைவில்லை. மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை 2014இலேயே மாநகராட்சி ஏற்றது. போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதை அகலமாகத் திறக்கப்பட்டது. உட்கார இருக்கையும் போட்டார்கள். மாலையில் சும்மா நடக்கவே மக்கள் வருகின்றனர், ஏழாம் இயலின் முடிவுக்கு இணங்க. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. விஷயம் நீதிமன்றத்துக்கு எலும்பு மருத்துவர் வழியாகப் போனதில் வியப்பில்லை. நடைபாதையின் தன்மையை அவரைவிட நன்கறிந்தவர் யார்?

9. முடிபு

மரபுப்படி முடிபை நூற்பாவாக யாத்து உரையும் தருகிறோம்.

அண்மைச் செலவிற்கு ஆழி வேண்டா
கண்முன் கிடப்பது கால்வழி எனினே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், தயிர், கறிவேப்பிலை, தீப்பெட்டி முதலியவற்றின் பொருட்டு நிகழும் செலவிற்கு இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. கடை அருகே இருப்பின் சக்கரம் தேவையில்லை. நடக்க வழி இருக்குமாயின், என்றவாறு. முதலடி குடியிருப்போரை நோக்கிற்று. இரண்டாமடி மாநகராட்சியை நோக்கிற்று.

‘இரண்டாமடி நிறைவேறும்வரை முதலடி எம்மைக் கட்டாது’ என்பாரும் உளர். அது பொருந்தாது. அக்கால்வழியை அடைத்து நிற்பது அவர் வண்டியே ஆகலின், முதலடியைக் கைக்கொண்ட அளவிலேயே இரண்டாமடியில் பாதி நிறைவேறும் என்க.

‘மழைக்காலத்து என் செய்வது?’ எனின், குடை என்க.

‘சாவி கண்முன் தொங்கக் கை தானே நீளுமே?’ எனின், சாவியைப் பரணில் வைத்து, அவ்வாணியில் மஞ்சப்பையை மாட்டுக.

‘உச்சி வெயில், வீட்டில் தயிர் இல்லை, சோறோ வடித்தாயிற்று’ எனின், ரசம் என்க.