காப்புநகல் நூல்: கேமரன் மலைப் படலம்

சர்வர் செத்தால் எதைக் கொண்டு எழுப்புவது என்பதில் அறிஞர் இரு சமயத்தார். டேட்டாபேஸும் கோப்புகளும் இருந்தால் போதும், மற்றதை மறுபடி நிறுவிக்கொள்ளலாம் என்பர் தரவுவாதியர். யாரோ எப்போதோ மாற்றிவிட்டு மறந்த அமைப்பு உட்பட, வட்டு முழுவதையும் இமேஜாக எடுக்கவேண்டும் என்பர் முழுமைவாதியர். இரு கட்சிக்கும் பிரமாணம் மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையிலேயே கிடைக்கிறது.

தரவுவாதியருள் மூத்தவர் வில்லியம் கேமரன். 1885-இல் நில அளவைக்கு வந்தவர், மலைகள் சூழ்ந்த மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக எழுதிவைத்தார். அது எங்கே என்பதை மட்டும் வரைபடத்தில் ஒழுங்காகக் குறிக்கவில்லை. மறு ஆண்டே காலமானார். தரவு பத்திரமாக இருந்தது. எதில் பொருத்துவது என்றுதான் தெரியவில்லை. 1925-இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, மலைவாசத்தலம் அமைக்கலாம் என்று முடிவெடுக்க 40 ஆண்டு ஆயிற்று. இன்றைய மேலாளர்களிடம் இத்தனை பொறுமை இல்லை.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இம்மலையில் போ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் தேயிலை பெரும்பாலும் விதையிலிருந்தே வளர்க்கப்பட்டது. விதை தரவுவாதியர் கட்சி: சிறியது, கையோடு கொண்டுபோகலாம். ஆனால் தேயிலை அயல் மகரந்தத்தால் காய்ப்பது. முளைத்து வருவது தாய்ச்செடி அல்ல, அதன் சாயலுள்ள ஓர் உறவுக்காரச் செடி. பழைய டேட்டாபேஸைப் புதிய பதிப்பின் மேல் ஏற்றியவர் திருதிருவென விழிப்பது இதனாலேயே. போதாக்குறைக்கு, தேயிலை விதையை உலர்த்திப் பரணில் போட்டுவைக்கவும் முடியாது. சில மாதங்களில் முளைக்கும் திறன் போய்விடும். (ஒருமுறையும் மீட்டுப் பார்க்காத பேக்கப் டேப்புகளும் இவ்வினமே.)

பின்னாளில் குச்சி நடும் முறை பரவியது. ஓர் இலையும் அதை ஒட்டிய சிறு தண்டும் நறுக்கி, பையில் நட்டு, நிழல் நாற்றங்காலில் வைத்தால் தாய்ச்செடியே மறுபடி எழும். முழு இமேஜ். மணம் அப்படியே, கொழுந்து விடும் வேகம் அப்படியே, நோய்க்கு இடங்கொடுக்கும் குணமும் அப்படியே. ஒரே தாயின் குச்சியைச் சரிவு முழுதும் நட்டவர், அதற்கேற்ற நோய் வந்தால் சரிவு முழுவதற்கும் அழவேண்டும். வைரஸ் புகுந்த பின் எடுத்த இமேஜும் வைரஸை ஒரு பிட் குறையாமல் மீட்டுத் தரும்.

தோட்ட ஆபீஸுக்கு என் தீர்ப்பு இது. செக்ரோல் என்னும் ஆள்வரவுப் பதிவேடு தினமும் மாறுவது. நேற்றைய கொழுந்து எடை தொலைந்தால், போன மாத இமேஜ் சம்பள நாளன்று ஆட்களுக்குப் பதில் சொல்லாது. ஆகவே தரவு தினமும். சம்பள மென்பொருளோ எப்போதாவதுதான் மாறும், ஆனால் அதை நிறுவியவர் ஓய்வுபெற்றிருப்பார். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஓர் இமேஜ். இரண்டையும் ஒரே அறையில் வைக்கவேண்டாம்; இந்த மலையில் மண்சரிவு உண்டு.

திருமூலர் செய்தது என்ன என்று சைவர் கேட்கலாம். சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்னும் ஆயனின் உடலில் உயிரைச் செலுத்தி, தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தால் உடல் இல்லை. ஒரே பிரதிதான். ஆனால் வேற்று வன்பொருளில் ஏறிய உயிர் 3000 பாடல் பாடுமளவுக்குத் தடையின்றி ஓடியதைத் தரவுவாதியர் பெருமையாகச் சொல்வர். அவ்வுடலின் பழைய பயனர் உரிமைகள் செல்லாமற்போனதைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் மறைக்கவில்லை: தேடிவந்த மூலன் மனைவிக்கு அனுமதி மறுக்கப்பட்டது, ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.