கையில் ஒரு கணக்குப்பிள்ளை

இந்த வாரம் வந்த உறைகளில் பாதிக்கு மேல் போனைப் பற்றித்தான். போனைப் பற்றிய சந்தேகத்தைத் தபாலில் கேட்கிற வாசகர்கள் இருக்கும்வரை இந்தப் பத்திக்கு ஆயுசு கெட்டி.

தினமும் ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் போன் 9,600 அடி, 9,700 அடி என்று காட்டுகிறது. மிச்சத்தை முடிக்க மொட்டைமாடியில் சுற்றுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்து டார்ச் அடிக்கிறார். இந்தப் பத்தாயிரம் யார் போட்ட சட்டம்?
— ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தென்காசி

சட்டம் போட்டவர் டாக்டர் இல்லை சார், வியாபாரி. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1965-ல், இடுப்பில் மாட்டிக்கொண்டு அடி எண்ணும் கருவி ஒன்றை ஜப்பானில் விற்பனைக்கு விட்டார்கள். பெயர் 'மான்போ-கெய்'. மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் அளக்கிற கருவி. பெயர் நாக்கில் உட்கார்ந்துகொண்டது. எண் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது. நாம் கல்யாணத்தை 'ஆயிரங்காலத்துப் பயிர்' என்கிறோமே, யாராவது வருஷத்தை எண்ணிப் பார்த்தோமா? அந்த ஜாதி எண் இது.

எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 உள்ள ஏறக்குறைய 16,700 பெண்களின் நடையை அளந்தார்கள். நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு நன்றாகவே குறைந்திருந்தது. 7,500 அடி வாக்கில் அந்தக் குறைவு நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்தவர்களுக்குக் கெடுதல் இல்லை. கூடுதல் லாபமும் தென்படவில்லை. (உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே அதிகம் நடப்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். வாத்தியார் ஆயிற்றே. அந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் உண்டு.)

நம் தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைப்பாதை குறித்துக் கொடுத்ததே, அதையும் பத்தாயிரம் அடி என்றுதான் சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள், ஓர் அடிக்கு 80 சென்டிமீட்டர் வரும். என் கால் எட்டுவது 65-தான். எனக்கு அதே பாதை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். ஆளுக்கு ஆள் கால் மாறும்போது எல்லாருக்கும் ஒரே எண் எப்படி சார்?

நூற்றுக்கு 97 வாங்கிய பையனை என்றைக்காவது மொட்டைமாடியில் நிறுத்தியிருக்கிறீர்களா? படுத்துத் தூங்குங்கள்.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் ராத்திரி வரை நிற்க நேரமில்லை. என் போனில் 812 அடி என்று வருகிறது. அதைக் காட்டிக் காட்டி ஒருவர் சிரிக்கிறார்.
— மேற்படி வாத்தியாரின் மனைவி, அதே விலாசம், வேறு உறை

போன் உங்களை எண்ணவில்லை அம்மா. தான் எத்தனை அடி போனோம் என்றுதான் எண்ணுகிறது. மிக்ஸி பக்கத்தில் சார்ஜில் கிடக்கிற போனுக்கு, நீங்கள் மாடிக்கும் கீழுக்கும் வடாம் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியது எப்படித் தெரியும்?

அதன் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலிக்கான் ஊசல் இருக்கிறது. போன் குலுங்கினால் அதுவும் குலுங்கும். மனுஷ நடை சீரானது, விநாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு குலுக்கல். அந்தத் தாளம் கேட்டால் நடை என்று எழுதிக்கொள்ளும். ஒரே ஒரு குலுக்கலை நம்பாது. தொடர்ந்து சில அடிகள் வந்த பிறகுதான் பல போன்கள் கணக்கைத் திறக்கும். அடுப்பிலிருந்து தொட்டிக்கு மூன்று அடி, நின்று, தொட்டியிலிருந்து அம்மிக்கு இரண்டு அடி, நின்று... இந்த நடைக்குத் தாளமே கிடையாது. போனைக் கையோடு வைத்திருந்தாலும் சமையலறை நடையில் ஒரு பங்கு கணக்கில் விழாமல் போகும். இத்தனை நாள் ஆண்களின் கண்ணுக்குத் தெரியாத வேலை, ஆண்களின் சட்டைப் பையை நினைத்துச் செய்த கருவிக்கும் தெரியவில்லை. ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

புடவைக்குப் பை கிடையாது. சுடிதாரில் பை வைக்கச் சொன்னாலே தையல்காரர் முகம் சுளிக்கிறார். ஆனால் நம் பாட்டிகள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: சுருக்குப்பை. வெற்றிலை பாக்கு இருந்த இடத்தில் போனைப் போட்டு இடுப்பில் செருகுங்கள், ஒரே ஒரு நாள். அன்றைக்கு ராத்திரி எண்ணை அவரிடம் காட்டுங்கள். சிரிக்க வேண்டாம், காட்டினால் போதும்.

இடுப்பில் வைப்பதற்கு இன்னொரு பலனும் உண்டு. உங்களுடையது ஐபோன் என்றால், 2021 முதல் அதில் நடை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று சொல்லும் வசதி இருக்கிறது. நடக்கும் வேகம், அடியின் நீளம், இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருக்கும் நேரம், இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவற்றைப் பார்த்து, வரும் 12 மாதத்தில் கீழே விழும் அபாயம் கூடியிருக்கிறதா என்று எச்சரிக்கும். போன் இடுப்பருகே இருந்தால்தான் அது வேலை செய்யும். கைப்பையில் ஆடினால் ஆகாது. அறுபது தாண்டியவர்களுக்கு எத்தனை அடி என்பதைவிட எப்படிப்பட்ட அடி என்பதுதான் பெரிய விஷயம். என் ஓட்டு இதற்கே.

எங்கள் ஆபீசில் நடைப் போட்டி. போனைத் தூளியில் போட்டு ஆட்டினால் அடி ஏறுமா?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ஏறும். சீனாவில் போனை ஆட்டுவதற்கென்றே தொட்டில் கருவி விற்கிறார்கள். வாங்குகிற ஆளும் இருக்கிறார். பரிசு ஜிம் கூப்பனாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் கவலையாக இருக்கிறது.

கேமராவில் விரலை வைத்தால் நாடித் துடிப்பைச் சொல்கிறதே, எப்படி? நம்பலாமா?
— நாடி பார்ப்பவரின் பேரன், மதுரை

சின்ன வயதில் டார்ச் லைட்டை உள்ளங்கையால் மூடி, விரல் சிவப்பாக ஜொலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதி. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் விரல் நுனிக்குக் கொஞ்சம் அதிக ரத்தம் வருகிறது. ரத்தம் ஒளியைக் குடிக்கும். ஆகவே வெளிச்சம் ஒரு இம்மி மங்கும். மறுபடி தெளியும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்ற இறக்கத்தைக் கேமரா எண்ணுகிறது. 2014-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்5 போனில் இதற்கென்றே முதுகில் தனிக் கண் வைத்தார்கள். 2021-ல் கூகுள் தன் பிக்சல் போன்களில் சாதாரணக் கேமராவையே இதற்குப் பழக்கியது.

காபி குடிக்காமல், படி ஏறாமல், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, விரலை அழுத்தாமல் வைத்தால் ஓரளவு நம்பலாம். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. மற்றபடி கிடைத்த ஆப்பை எல்லாம் நம்பாதீர்கள். பெயர் வேண்டாம், ஓர் இலவச ஆப்பில் நேந்திரம்பழத்தை வைத்துப் பார்த்தேன். 78 என்றது. ஆரோக்கியமான பழம்.

அதேபோல பிரஷர், சுகர் எல்லாம் போனிலேயே பார்த்துவிடலாமா? ஊசி என்றாலே எனக்குப் பயம்.
— மிட்டாய்க் கடைக்காரர், திருநெல்வேலி

முடியாது. பிரஷருக்குக் கையில் சுற்றுகிற பட்டை வேண்டும், சுகருக்குத் தோலைக் குத்தியாக வேண்டும். தோலைக் குத்தாமல் சர்க்கரை அளவைச் சொல்வதாகக் கூறும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தப்பான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கொரோனா சமயத்தில் விரலை வைத்தால் ஆக்சிஜன் சொல்கிறோம் என்று கிளம்பிய போலி ஆப்கள் கைரேகையைக் கொண்டுபோகலாம் என்று மத்திய உள்துறையின் சைபர் பிரிவு எச்சரித்ததும் ஞாபகம் இருக்கட்டும். அல்வாவுக்குக் கைமணம் பார்க்கிற ஊர்க்காரர் நீங்கள், எடை போடத் தராசைத்தானே நம்புகிறீர்கள்?

நேற்று 5 மணி 12 நிமிஷம்தான் தூங்கினேன் என்று போன் சொன்னது. அதுவரை நன்றாகத்தான் இருந்தேன். பார்த்ததிலிருந்து கொட்டாவி.
— வங்கி ஊழியர், ஈரோடு

உங்கள் வியாதிக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: 'ஆர்த்தோசோம்னியா'. தூக்கக் கணக்கு சரியாக வர வேண்டுமே என்ற கவலையில் தூக்கம் கெடுவது. 2017-ல் அமெரிக்கத் தூக்க ஆய்வாளர்கள் சூட்டிய பெயர் அது. நீங்கள் எப்போது போனைக் கீழே வைத்தீர்கள், எப்போது எடுத்தீர்கள், கட்டில் அசைந்ததா என்பதைக் கொண்டுதான் போன் ஊகிக்கிறது. எது ஆழ்ந்த தூக்கம், எது கனவு என்று சரியாகச் சொல்ல வேண்டுமானால் தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னலையைப் பார்க்க வேண்டும். போனுக்கு உங்கள் தலையோடு அவ்வளவு நெருக்கம் இல்லை. நெருக்கமாக இருக்கட்டும் என்று தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜும் போடாதீர்கள், சூடாகும்.

கணக்கை மூடிவிட்டுப் படுக்கை நேர வசதியைத் திறங்கள். ஆண்ட்ராய்டில் அது சொன்ன நேரத்துக்குத் திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடும். ரீல்ஸ் எல்லாம் பழைய தூர்தர்ஷன் மாதிரி தெரியும். எனக்குப் பத்து நிமிஷத்தில் கண்ணைச் சொருகிவிடுகிறது.

நான் தோஹாவில். அப்பா அம்மா காரைக்குடியில். இரண்டு பேர் போனிலும் ஒரே ஒரு விஷயம் செய்துவைக்கலாம் என்றால் எதைச் செய்வது?
— லீவு பத்து நாள்தான் கிடைத்த மகள்

அவசரத் தகவல். இத்தனை கடிதங்களில் உங்களுடையதுதான் உருப்படி.

பூட்டிய போனைத் திறக்காமலே, 'எமர்ஜென்சி' என்ற இடத்தைத் தொட்டு யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஒரு பக்கம் இருக்கிறது. ஐபோனில் 'மெடிக்கல் ஐடி', ஆண்ட்ராய்டில் 'எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்'. ரத்த வகை, ஒவ்வாத மருந்து, தினமும் சாப்பிடுகிற மாத்திரை, கூப்பிட வேண்டிய ஆள். அப்பா பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தால், 108-ல் வருகிறவருக்கு இந்தப் பக்கம்தான் அப்பாவின் வாய்.

பெனிசிலின் ஒவ்வாது என்றால் முதல் வரியில் எழுதுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மறக்க வேண்டாம். கூப்பிடும் ஆளாகப் பாசத்தில் உங்கள் தோஹா எண்ணை முதலில் போட்டுவிடாதீர்கள், மகளே. எதிர்வீட்டு மாமாவைப் போடுங்கள், அவர் இரண்டு நிமிஷத்தில் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவார். நீங்கள் இரண்டாவது.

கையோடு இன்னொன்று. 2017 முதல் இந்தியாவில் விற்கிற போன்களில் ஆபத்துப் பொத்தான் கட்டாயம். ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை படபடவென்று அழுத்தினால் 112-க்கு அழைப்புப் போகும் என்பது விதி. சில போன்களில் ஐந்து முறை என்று இருக்கும். செட்டிங்ஸில் பார்த்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒத்திகை மட்டும் வேண்டாம், நிஜமாகவே போலீஸ் எடுத்துப் பேசுவார்கள்.

ஹெட்போனில் பாட்டைக் குறை என்று போனே அதட்டுகிறது. அம்மா போதாதா?
— கல்லூரி மாணவன், கோவை

தம்பி, இந்த விஷயத்தில் அம்மாவும் உலக சுகாதார நிறுவனமும் ஒரே கட்சி. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரம் முழுக்கச் சேர்த்து நாலே மணி நேரம்தான். போன் அந்தக் கூட்டலைத்தான் செய்துவிட்டு அதட்டுகிறது. காதுக்குள் இருக்கும் நுண்முடிச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது, தலைமுடி மாதிரி எண்ணெய் தேய்த்தும் பிரயோஜனமில்லை.

என் உடம்புக் கணக்கை வேறு யாராவது படிப்பார்களா?
— பெயர் சொல்ல விரும்பாத பெண், திருச்சி

போனோடு வருவதைவிட, நீங்களாக இறக்கிக்கொண்டவற்றில்தான் பயம் அதிகம். மாதவிடாய்க் கணக்கு வைக்கும் பிரபலமான ஆப் ஒன்று, பெண்களின் விவரங்களை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2021-ல் சமரசம் ஆனது. எந்த ஆப் எதைப் பார்க்கலாம் என்று செட்டிங்ஸில் ஒரு பட்டியல் இருக்கும். டார்ச் லைட் ஆப்புக்கு உங்கள் நாடித்துடிப்பு எதற்கு? எடுத்துவிடுங்கள்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் தினம் எத்தனை அடி நடக்கிறீர்கள்?
— உண்மை விளம்பி, தஞ்சாவூர்

நேற்று 2,140. நிஜத்தில் மூவாயிரத்தைத் தாண்டும். போனைத் தேடி வீடு முழுக்க நடந்தது கணக்கில் வரவில்லை.