இன்னும் ஒரு சின்ன செட்டிங்குதானுங்க

கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தால், நாலு தெருவுக்கு ஒரு டூ ஸ்ட்ரோக் மாமா இருப்பார். பட்டறைக்குப் போர்டு உண்டு. மாமாவைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோலும் டூ-டி ஆயிலும் சேர்ந்து கருகுகிற வாசம் எந்தக் காம்பவுண்டிலிருந்து வருகிறதோ, அங்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கார்புரேட்டரின் ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. பிரேம் போர்டிகோவில், இன்ஜின் பெஞ்சின்மேல், டேங்க் பீரோவின் உச்சியில். எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1985இல் இறக்கி 1996இல் நிறுத்திய மாடல். 98 சிசி, 11 குதிரைத் திறன், எடை நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று வாய் தவறியும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மத்தியானச் சோறு உங்களுக்கு அங்கேதான்.

இந்த வண்டியை அவர் ரோட்டில் ஓட்டப் போவதில்லை. ஹெட்லைட்டைக் கழற்றி, பட்டன் டயர் மாட்டி, முன் மட்கார்டை ஒரு முழம் ஏற்றி, பின் ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டி, மண்ணில் பறக்கும் டர்ட் பைக்காக ஆக்கிக்கொண்டிருக்கிறார். பல வருடமாக ஆக்கிக்கொண்டிருக்கிறார். எப்போது முடியும் என்று கேட்டால், “ரெண்டு நாள் வேலைதானுங்க” என்பார். அந்த ரெண்டு நாளில் அவர் பெண் பத்தாவது முடித்து, காலேஜும் முடித்து, வேலைக்கே போய்விட்டாள்.

அவரைப் பிடித்து ஆட்டுவது வேகம் என்று நினைப்பவர்கள் விஷயம் தெரியாதவர்கள். அவர் ஸ்கூட்டரில் காய்கறி வாங்கப் போகும்போது சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போவார். அவருக்குப் பிடித்தது பிரிப்பது. ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அடுத்து எதைப் பிரிக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். அதற்கு டூ ஸ்ட்ரோக்கைப் போல இடம் கொடுக்கும் இன்ஜின் வேறு கிடையாது. டேப்பட் இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. மேலே பிஸ்டன், நடுவில் கனெக்டிங் ராடு, கீழே கிராங்க். ஒரு ஸ்பானரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் திறந்துவிடலாம். மூடுவதற்குத்தான் மெக்கானிக் வேண்டும்.

பிளாக்கை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு அவர் கணபதிப் பக்கம் லேத்துக்குக் கிளம்பும் கோலத்தைப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கூட இவ்வளவு கவனமாகத் தலை வாரமாட்டார். ஒரிஜினல் பிஸ்டன் 50 மி.மீ.; தேயத் தேயக் கால் கால் மி.மீ.யாக போர் பண்ணி 51 வரை போகலாம். அதற்குமேல் புது ஸ்லீவ்தான். மூன்றாவது கால் நடந்துகொண்டிருக்கிறது என்பதை, வீட்டுக் கடனில் எத்தனை தவணை பாக்கி என்பதைவிடத் துல்லியமாகச் சொல்வார். லேத்துக்காரர் போர் பண்ணும்போது பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வார். “ஏனுங், கொஞ்சம் டைட்டா விடுங்க.” “டைட்டா விட்டா சூட்டுல சீஸ் ஆயிருமுங்க.” “அப்ப கொஞ்சம் லூசா...” “லூசா விட்டா தட்டுமுங்க.” “அப்ப நீங்க பாத்து...” “அதைத்தானுங்க பண்ணிட்டிருக்கேன்.”

இன்ஜின் பூட்டும் நாளில் வீட்டில் யாரும் தும்மக் கூடாது. பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய் அதற்குரிய பின்னில் உட்கார வேண்டும். தவறினால் ரிங் போர்ட்டில் மாட்டி உடையும். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடைசியில் பிஸ்டன் பின்னுக்கு லாக் போட வேண்டும். மூக்குத்தித் திருகாணியை நினைவூட்டும் சின்ன வளைந்த கம்பி. கிராங்க் கேஸ் வாயில் துணியை அடைத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும் என்று தெருவிலுள்ள பையன்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தவர், அன்றைக்கு அடைக்கவில்லை. நோஸ் பிளையரின் நுனியில் கம்பி நெளிந்தது. ‘டிங்’ என்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

உள்ளே விழுந்துவிட்டது என்று முடிவாயிற்று. காந்தம் கட்டிய குச்சி வந்தது, டார்ச் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனும் அவருமாக இன்ஜினைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார்கள். ஆயில்தான் கொட்டியது. இருட்டும் நேரத்தில், கிராங்க் கேஸையே பிளந்துவிடுவது என்று முகமெல்லாம் மலர அவர் எழுந்தபோது, டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அவர் வீட்டு அம்மிணி சொன்னார்: “ஏனுங்க, உங்க லுங்கி மடிப்புல என்னமோ மின்னுதுங்க.”

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

டெஸ்ட் ரைடு ஒரு திருவிழா. ஹெட்லைட் இல்லாத வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. ஆகவே ஒரு குட்டியானை வாடகைக்கு வரும். வண்டி, மச்சான், டூல் பாக்ஸ், முறுக்குப் பொட்டலம் எல்லாம் ஏறி, சரவணம்பட்டி தாண்டி சைட் போட்டு விற்கும் செம்மண் பூமிக்குப் போகும். மண் சமமாக இருக்கும், கல் நட்டிருக்கும், கல்லில் கொடி பறக்கும். இதைவிட நல்ல டிராக் எங்கே கிடைக்கும்? செட்டிபாளையத்தில் 2003இலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே வந்துவிட்டதே என்றால், “அது தார் ரோடுங்க” என்பார், தார் என்பது ஏதோ கெட்ட பழக்கம் மாதிரி. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தைப் பற்றி அப்புறம் ஆரம்பிப்பார். சித்தப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த கதை அது. வருடத்துக்கு வருடம் அந்தக் கதையில் அவர் தோளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இப்போது டிராக்குக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டார்.

புது போர் என்பதால் எடுத்த எடுப்பில் ஓட்டக் கூடாது. ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி, அணைத்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, மறுபடியும் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஆறும் நேரமெல்லாம் லிட்டருக்கு ஆயில் 30 மில்லியா 40 மில்லியா என்று மச்சானுடன் சண்டை. பிறகு ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார். முதலில் ஒன்றுமில்லை, மந்தமாக, மூக்கடைத்த மாதிரி போனது. அப்புறம் ஒரு கட்டத்தில், வெளியே தப்பித்துப் போன புதுக் கலவையை எக்ஸ்பான்ஷன் சேம்பர் அலையடித்து மறுபடி சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும் அந்தக் கட்டத்தில், வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு கிளம்பியது. பூங்காவுக்கு என்று ஒதுக்கியிருந்த இடத்தின் மேட்டில் ஏறி, இரண்டு சக்கரமும் தரையை விட்டது.

அந்தப் பக்கம் புரோக்கர் ஒருவர் ஒரு குடும்பத்துக்கு கார்னர் சைட் காட்டிக்கொண்டிருந்தார். “அமைதியான ஏரியாங்க” என்ற வாக்கியத்தின் நடுவில் நம்மாள் கடந்து போனார்.

திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினார். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. மிகச் சரி. மச்சான் கை தட்டினான். அவர் முகம் மட்டும் வாடியது. கூடவே வந்த பையன், “அண்ணா, வேலை முடிஞ்சிருச்சுங்களா?” என்று வேறு கேட்டுத் தொலைத்தான்.

வீடு திரும்பியும் அந்த வாட்டம் போகவில்லை. போர்டிகோவில் ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விட்டுவிட்டு, காதை டேங்கில் வைத்தார். தலையைச் சாய்த்தார். “எங்கியோ ஒரு சத்தம் வருதுடா” என்றார். மச்சானும் குனிந்து கேட்டு, இல்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாது என்பதால், “ஆமாங் மாமா, வருதுங்” என்றான். “பிஸ்டன்தான். இறக்கிப் பாத்துரலாம்.”

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மிணியின் குரல் வந்தது. “பிஸ்டன் இல்லீங்க. கிளட்சைப் புடிச்சுப் பாருங்க, நின்னுரும். கிளட்ச் ஹவுசிங் ஆட்டங்க.”

அவர் கிளட்சைப் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார். வந்தது. நாள் முழுவதும் காணாமல் போயிருந்த சிரிப்பு அவர் முகத்தில் பரவியது.

“அம்மிணி, அந்தப் பழைய நியூஸ் பேப்பரை எடுத்துட்டு வா. ரெண்டு நாள் வேலைதான்.”