அப்கிரேடு அண்ணன்

மரக்காணத்தில் அப்கிரேடு அண்ணனை அடையாளம் காண்பது சுலபம். ஈசிஆர் ஓரத்து டீக்கடை பெஞ்சில், உப்பளப் பாத்திகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செல்போனில் கிராபிக்ஸ் கார்டு விலையைப் பார்த்து யார் பெருமூச்சு விடுகிறாரோ அவர்தான். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். டீ ஆறியிருக்கும்.

அவர் வீட்டில் இருப்பது 2014-இல் புதுச்சேரியில் அசெம்பிள் செய்த பெட்டி. நாலாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ. பாலிடெக்னிக் படிப்புக்கு என்று அப்பாவிடம் சொல்லி வாங்கியது. அடுத்த ஏப்ரலில் ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது; படிப்பு அத்தோடு சரி.

இதையே தேற்றுவதா, புதுசு வாங்குவதா? இதுதான் அண்ணனின் ஆயுள் கேள்வி. முதலில் கார்டு மட்டும் மாற்றலாம் என்பார். 750 டிஐ தனி மின்கேபிள்கூடக் கேட்காத சாது. புதுக் கார்டுகள் பெரும்பாலும் கேட்கும். அப்படியானால் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும். நல்ல கார்டு வந்தால் பழைய ப்ராசஸர் ஈடுகொடுக்காது. ப்ராசஸரை மாற்றலாமென்றால், இன்டெல் ஆறாம் தலைமுறையிலேயே சாக்கெட்டை மாற்றிவிட்டது, மதர்போர்டும் போச்சு. மதர்போர்டு மாறினால் டிடிஆர்3 ரேம் செல்லாது. கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்குப் பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் கட்டிக்கொண்ட சாமியார் கதைதான். சாமியாராவது கல்யாணம் வரைக்கும் போனார். அண்ணன் இன்னும் எந்தப் பூனை நல்ல பூனை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

விசாரணைக்கென்று ஒரு பருவம் உண்டு. தை, மாசியில் உப்பளம் சூடுபிடித்தால் மழை வரும்வரை அண்ணனுக்கு லாரி லோடுக் கணக்கு எழுதவே நேரம் போதாது. ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கியதும் ஆராய்ச்சி ஆரம்பம். காசு இருக்கும்போது நேரமில்லை, நேரம் இருக்கும்போது காசில்லை.

காசும் நேரமும் சேர்ந்து வந்தாலும் உலகம் சேர விடாது. 2021-இல் கேட்டால், “காயின் தோண்டுறவன் கார்டையெல்லாம் அள்ளிட்டான், அடங்கட்டும்” என்றார். 2022 செப்டம்பரில் எதீரியம் தோண்டும் வேலையே நின்று, விலை இறங்கியது. “இன்னும் இறங்கும்” என்றார். 2025 முடிவதற்குள் ஏஐ நிறுவனங்கள் மெமரி சிப்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்ய, ரேம் விலை எகிறியது. “பாத்தியா, அவசரப்பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்றார். என்ன ஆகியிருக்கும்? பாதி விலைக்கு ரேம் வாங்கியிருப்பார்.

அண்ணன் தள்ளிப்போடலாம், கடற்காற்று தள்ளிப்போடாது. உப்புத் துகள் போய் உட்கார்ந்த இடத்தில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால், உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். அந்தக் கசிவு மின்சாரத்தைக் கடத்தும், செம்பைப் பச்சையாக்கும், ஸ்குருவைத் துருவாக்கும். சென்னைக்காரன் கேபினெட்டில் ஆறு ஃபேன் மாட்டினால் காற்றோட்டம். மரக்காணத்தில் மாட்டினால் ஆறு வாசல் வழியாக உப்பு வரத்து.

டிஸ்ப்ளே வராத நாளில் அண்ணன் பதறமாட்டார். ரேமைக் கழற்றி, அக்கா மகளின் அழிரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டுவார். ஓடும். “நல்லாத்தானே ஓடுது!” அடுத்து டிஸ்ப்ளே போகும்வரை அப்கிரேடு பேச்சே கிடையாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ரேஷன் கார்டுக்கு முன்னால் பரணில் ஏறியது சிபியுதான். மறுநாள் அது பத்திரமாக இறங்கியதைப் பார்த்த அம்மா, “அது போயிருந்தாலாவது ஒரு முடிவு தெரிஞ்சிருக்கும்டா” என்றார்.

அப்பா உப்பளக்காரர். மேகம் கருத்தால், இன்னும் இரண்டு நாள் விட்டால் உப்பு நன்றாகத் திரளும் என்று தெரிந்தும் அன்றைக்கே வாரச் சொல்வார். “விளைஞ்ச வரைக்கும் வாரு, இல்லன்னா கரையட்டும்னு விடு. நீ ரெண்டும் செய்யாம வரப்பு மேலயே நிக்கறியேடா” என்பார். அப்பா சொல்லி இறங்காதவரை இறக்க, 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாப்ட்டே விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை இன்டெல்லாவது வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும். அண்ணன் ஒரு நிமிடம் மௌனம் காத்துவிட்டு, “பைபாஸ் பண்ணிக்கலாம்” என்றார்.

ஆனால் ஊரில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அண்ணனிடம்தான் வருவார்கள். அங்கே அவர் வேறு ஆள். “அண்ணே, டிடிஆர்3 போர்டு” என்று தொடங்கும்போதே, “ஒத்த ரூவா போடாத, புதுசு வாங்கு” என்பார். “ஏஎம்4 போர்டுண்ணே.” “பயாஸை அப்டேட் பண்ணு, ப்ராசஸரை மட்டும் மாத்து, எஸ்எஸ்டி போடு, இன்னும் சில வருசம் ஓடும்.” சென்னை ரிச்சி தெருவுக்கும் கூடவே போய்ப் பேரம் பேசித் தருவார். அவர் பேச்சைக் கேட்டு வாங்கிய பையன்களெல்லாம் நிம்மதியாக விளையாடுகிறார்கள்.

ஆகவே, பழைய பெட்டியோடு தவிக்கும் வாசகர்களே, அப்கிரேடு அண்ணனிடம் தாராளமாக யோசனை கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே செய்யுங்கள். அவர் செய்வதை மட்டும் செய்யாதீர்கள்.